கயாக்குக்கு இரவு விளக்கு வாங்குபவர்கள் கவனிக்க

இரவில் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) ஓட்டுபவர்களுக்கென்றே ‘நேவிகேஷன் லைட் செட்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். முன்முனைக்கு சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஒரு விளக்கு, பின்னால் வைக்க ஒரு வெள்ளை விளக்கு, இரண்டையும் ஒட்டவைக்க ரப்பர் கப். பெட்டியின் மேல் ‘வாட்டர்ப்ரூஃப்’, ‘2 கடல் மைல் தெரியும்’, ‘சர்வதேச விதிப்படி தயாரானது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாங்கிப் பார்த்ததில் ஒன்றுகூட உண்மையில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்.

வெள்ளை விளக்கு முதல் இரவிலேயே மங்கியது. பேட்டரி மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே தண்ணீர். மூடியின் மரைக்குக் கீழே ரப்பர் வளையம் உட்காரப் பள்ளம் இருக்கிறது, வளையத்தைத்தான் காணோம். ஸ்பிரிங்கில் பச்சையாகக் களிம்பு ஏறத் தொடங்கியிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். “உப்புத் தண்ணீர் பட்டால் அப்படித்தான் ஆகும்” என்று பதில். கடலுக்கென்று விற்ற சாமானுக்கு இது ஒரு பதிலா? விடாமல் கேட்டதும் கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் ஐபிஎக்ஸ்4. அது தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் தரம், அவ்வளவுதான். கயாக் கவிழ்ந்தால் விளக்கும் சேர்ந்து மூழ்கும். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் ஐபிஎக்ஸ்7 ஆவது வேண்டும். எண் போடாமல் வெறும் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றிருந்தால் தொடவே வேண்டாம்.

தண்ணீர் புகுந்ததைக்கூட மன்னித்துவிடலாம், சிவப்பு-பச்சை விளக்கை மன்னிக்க முடியாது. விதிப்படி சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். ஒவ்வொன்றும் நேர் முன்னிலிருந்து பக்கவாட்டில் 112.5 டிகிரி வரைதான் தெரிய வேண்டும். எதிரே வருகிறவர் அந்த நிறத்தை வைத்துத்தான் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று கணிக்கிறார். இந்த விளக்கில் இரண்டு நிறத்துக்கும் நடுவே ஒரு தடுப்புகூட இல்லை. கரையில் நின்று பார்த்த நண்பர், இடப்பக்கம் இருந்தும் பச்சை தெரிகிறது என்றார். அவர் கொஞ்சம் தள்ளிப் போனதும் எந்த நிறமும் தெரியவில்லை. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். இவர்கள் சொன்ன இரண்டு மைலை எங்கே நின்று அளந்தார்களோ!

இன்னொரு தொல்லையும் உண்டு. அலை அடித்து பேட்டரி ஒரு நொடி விலகினால் போதும், விளக்கு தானாகவே ஸ்ட்ரோப் மாதிரி வெட்டி வெட்டி எரிய ஆரம்பிக்கிறது. மற்றவர் கவனத்தை இழுக்க ஸ்ட்ரோப் விளக்கைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கிறது சர்வதேச விதி. அமெரிக்க உள்நாட்டு நீர்வழிகளிலோ, நிமிடத்துக்கு 50 முதல் 70 முறை வெட்டும் வெள்ளை ஸ்ட்ரோப் ஆபத்துச் சைகை. சும்மா போகிறவரைக் காப்பாற்ற ஆள் வந்து நிற்கும்.

விற்கிறவர்கள் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 25ஆவது விதிப்படி, துடுப்பு போட்டு ஓட்டும் படகுக்கு இந்த செட் கட்டாயமே இல்லை. பாய்மரப் படகின் விளக்குகளைப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால், மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்ட வெள்ளை வெளிச்சம் தரும் ஒரு டார்ச் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும். (உள்ளூர் நீர்நிலைக்குத் தனி விதி இருக்கலாம், அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.) நல்ல டார்ச்சாக வாங்கி லைஃப் ஜாக்கெட்டில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். மேப் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கு தனியாக இருக்கட்டும். வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும்.

எதை வாங்கினாலும் சரி, கடைசிப் பக்கம் வரை கையேட்டைக் கேட்டுப் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் புகார் செய்த பிறகு அந்தப் பக்கத்தில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்பது ‘மழை தாங்கும்’ என்று மாறிவிட்டது.