மாராவா, செரெங்கெட்டியா? கையில் ஏழு நாள்தான்

காட்டு விலங்குகளைப் பார்க்க ஆப்பிரிக்கா போகிறவர்கள் குழம்புவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரெங்கெட்டி. இரண்டும் ஒரே புல்வெளிதான். நடுவில் கென்யா, தான்சானியா எல்லைக்கோடு ஓடுகிறது, மந்தை மந்தையாக இடம்பெயரும் வில்டபீஸ்ட் என்ற மான் வகைக்கு அது தெரியாது.

மசாய் மாரா சின்னது, சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். நைரோபியிலிருந்து ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், அதே வாரத்தில் நாக்குரு ஏரியையும் பார்த்துவிட முடியும். ஜூலை முதல் அக்டோபர் வரை போனால் வில்டபீஸ்ட் மந்தை மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான்! கரைக்கு வரும், முன்னால் நிற்பது தண்ணீரை முகரும், பின்னால் புழுதி கிளம்பும், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல மொத்தக் கூட்டமும் திரும்பிப் போய்விடும், மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தவர்கள் வண்டிக்குள் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி வண்டிகள் மொய்ப்பதும் இங்கே சகஜம். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமே நாளுக்கு 200 டாலர்.

செரெங்கெட்டி கிட்டத்தட்ட பத்து மடங்கு பெரியது. அருஷா நகரத்திலிருந்து போகிற வழியிலேயே கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம். 600 மீட்டர் இறங்கினால் கருப்புக் காண்டாமிருகம் கண்ணில் படலாம், ஒட்டகச்சிவிங்கி மட்டும் அங்கே கிடையாது. பிப்ரவரியில் தெற்குப் புல்வெளியில் வில்டபீஸ்ட் கன்றுகள் பிறந்த சில நிமிடங்களிலேயே தள்ளாடி எழுந்து தாயோடு ஓடும். தூரம்தான் அதிகம், இடுப்பு கழன்றுவிடும்.

என் ஓட்டு பிப்ரவரி செரெங்கெட்டிக்கு. ஆகஸ்டில்தான் லீவு என்றால் சரி, மாரா. ஏப்ரல், மே இரண்டுக்கும் வேண்டாம், மழைச் சேற்றில் வண்டி தள்ளவே நேரம் போய்விடும்.