காசி டூருக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் காசி, கயா, அயோத்தி டூர் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அதை நம்பி அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து 64,000 ரூபாய் கட்டினோம். போக வர விமானம், கங்கைக் கரைக்கு நடக்கிற தூரத்தில் ஏசி அறை, மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு. இதுதான் பேச்சு.

கிளம்பும் வாரத்தில் போன் வந்தது. டிக்கெட் விலை ஏறிவிட்டதாம், ரயிலில் ஸ்லீப்பரில்தான் கூட்டிப்போவார்களாம். பெரியம்மாவுக்கு மூட்டு வலி, அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: 'எக்காரணம் கொண்டும் பணம் திரும்பத் தரப்படாது.' "அதான் போட்டிருக்கே, படிக்கலையாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். பயணத்தை நாங்கள் ரத்து செய்யவில்லை, ஒப்புக்கொண்டதை மாற்றியது அவர்கள். பேசியபடி சேவை தராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு. ரசீதில் எதை அச்சடித்தாலும் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது. நாமே ரத்து செய்தாலும், அவர்கள் நியாயமான இழப்பீட்டை மட்டும்தான் பிடித்துக்கொள்ளலாம் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அப்புறம் பணத்தைத் திருப்பிக் கேட்டு டூர் கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பினோம். அதற்குப் பிறகு 20,000 மட்டும் வந்தது. மீதிக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 'ஃப்ளைட்தாம்மா, கவலைப்படாதீங்க' என்று அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அம்மாவின் போனில் அப்படியே இருக்கிறது. எங்கள் கையில் உள்ள பெரிய ஆதாரம் அதுதான்.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே விமானமா ரயிலா, எந்த வகுப்பு, எந்த விடுதி, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் நோட்டீஸ், ரசீது, ஜிபே விவரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதி வாங்கிச் சேர்ந்தும் கொடுக்கலாம்.