பல்லுக்கு எடுத்த படத்தில் நரம்பு நோய்: ஓபிஜி, செபலோகிராம், சிபிசிடி, எம்ஆர்ஐ ஓர் ஒப்பீடு

பல்லுக்காக எடுக்கும் படத்தில் பல் மட்டும் விழுவதில்லை. தாடையைச் சுற்றி எடுக்கும் எக்ஸ்ரேயான ஓபிஜியில் கழுத்தின் மேற்பகுதியும், தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயான செபலோகிராமில் மண்டையோட்டின் அடித்தளமும் சேர்ந்தே பதிவாகின்றன. யாரும் தேடாத நரம்பு நோயையோ மூளைக்கு வரவிருக்கும் ஆபத்தையோ தற்செயலாகக் காட்டிக்கொடுப்பதில் எது மேல் என்று கேட்டால், விலை கூடிய கருவியைச் சொல்லத் தோன்றும். என் கணிப்பு வேறு.

ஓபிஜி படத்தின் இரண்டு கீழ் மூலைகளையும் சற்று நின்று பார்க்க வேண்டும். தாடைக் கோணத்துக்குக் கீழே, கொஞ்சம் பின்னால், மூன்றாம் நான்காம் கழுத்தெலும்புகளின் மட்டத்தில்தான் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிறது. அந்த இடத்தில் கொழுப்பு படிந்து, அதில் சுண்ணாம்புச் சத்தும் ஏறியிருந்தால், ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டுகளாகவோ செங்குத்துக் கீற்றுகளாகவோ அது தெரியும். பக்கவாதத்துக்கு வழிவகுக்கக்கூடிய இந்தப் படிவை ஓபிஜியிலேயே அடையாளம் காணலாம் என்று ஃப்ரீட்லாண்டர், லாண்டே என்ற ஆய்வாளர்கள் 1981இல் எழுதினார்கள். ஞானப்பல்லைப் பார்க்க வந்த கண் அந்த மூலைவரை போவதில்லை என்பதுதான் இன்றும் குறை.

ஆனால் அங்கே தெரியும் வெள்ளையெல்லாம் தமனிப் படிவு அல்ல. நாவடி எலும்பின் நுனி, சுண்ணாம்பேறிய நிணநீர்க் கணு, குரல்வளையை ஒட்டிய ஒரு சிறு குருத்தெலும்பு ஆகியவையும் அதே இடத்தில் விழும். அந்தக் குருத்தெலும்பின் லத்தீன் பெயருக்கே கோதுமை மணி போன்றது என்றுதான் பொருள். படத்திலும் அது வழவழப்பான விளிம்போடு மணியைப் போலவே கிடக்கும், தமனிப் படிவுக்கு அந்த ஒழுங்கு இராது. மேலும் சுண்ணாம்பு ஏறாத மென்மையான படிவு ஓபிஜியில் தெரியாது, தமனி எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதும் தெரியாது. ஆகவே சந்தேகம் வந்தால் அடுத்த படி, தமனியில் இரத்தம் ஓடுவதைக் காட்டும் கழுத்து டாப்ளர் ஸ்கேன். இதே ஓபிஜியில், காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து ஊசிபோல் இறங்கும் ஸ்டைலாய்டு எலும்பு 30 மி.மீ.க்கு மேல் நீண்டு நிற்பதும் தெரியலாம். 1937இல் ஈகிள் என்ற மருத்துவர் விவரித்த, தொண்டையிலும் முகத்திலும் வரும் விடாத வலிக்கு அது காரணமாக இருக்கக்கூடும்.

செபலோகிராமுக்கு உள்ள சாதகம் விசித்திரமானது. பல் சீரமைப்பு மருத்துவர் தன் அளவீட்டைத் தொடங்கும்போது, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கும் எலும்புக் குழியின் நடுவில் எஸ் என்றொரு புள்ளி வைக்கிறார். ஒவ்வொரு படத்திலும் பென்சில் போய் நிற்கும் இடம் அது. முன்பின்னாக 16 மி.மீ., ஆழத்தில் 12 மி.மீ. வரை வழக்கம் என்று கொள்ளப்படும் அந்தக் குழி பெருத்திருந்தாலோ, அதன் அடித்தளம் இரட்டைக் கோடாகத் தெரிந்தாலோ, உள்ளே கட்டி வளர்கிறதா என்று கேட்க வேண்டும். நடுத்தர வயதில் கீழ்த்தாடை முன்னால் நீண்டு, பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுந்து, மோதிரமும் செருப்பும் இறுகிப்போனதாகச் சொல்பவருக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. வைத்த புள்ளியைக் கோணம் அளக்க மட்டும் பயன்படுத்திவிட்டுக் குழியைப் பார்க்காமல் போவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

1990களின் இறுதியில் பல் மருத்துவத்துக்கு வந்த சிபிசிடி, கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் ஒரு வகை சிடி ஸ்கேன், முப்பரிமாணத்தில் காட்டுகிறது. ஒரு இம்ப்ளான்ட்டுக்காக எடுக்கும் சிறு பரப்பில் பல்லும் எலும்பும் தவிர வேறொன்றும் விழாது. பெரிய பரப்பில் எடுத்தால் மண்டையோட்டின் அடித்தளமும், மூளைக்குள் நுழையும் தமனியின் சுண்ணாம்பேற்றமும் தெரியும். ஆனால் மூளைத் திசுவைப் பிரித்துக் காட்டும் திறன் அதற்கு இல்லை. தெரிகிற, மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியின் சுண்ணாம்பு பெரும்பாலும் வயதோடு வருவது. அதைப் பார்த்து நோயாளியைப் பயமுறுத்துவதில் பயனில்லை. எடுத்த பரப்பு முழுவதையும் படித்தே அறிக்கை தர வேண்டும் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள். அதைச் செய்ய நேரமில்லாதவர் பெரிய பரப்பில் எடுக்காமலிருப்பதே நல்லது. கதிர்வீச்சிலும் வேறுபாடு பெரிது: ஓபிஜி சுமார் 20 மைக்ரோசீவர்ட், அதாவது இயற்கையிலிருந்து மூன்று நாளில் நமக்குக் கிடைப்பது, பெரிய பரப்புச் சிபிசிடி அதைப் போல் பல மடங்கு.

தற்செயலாகக் கண்டுபிடிக்கும் கருவி என்ற அளவில் என் முதலிடம் ஓபிஜிக்கே. அறுபதைத் தாண்டி, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் பல்செட்டுக்காக அதை எடுத்துக்கொள்ளத்தான் வருகிறார்கள். தமனிப் படிவு இருக்க வாய்ப்பு அதிகமுள்ளவர்களும் அவர்களே.

எம்ஆர்ஐ இந்தப் போட்டியில் வேறு வகை. தாடை மூட்டுக்காக எடுக்கும் எம்ஆர்ஐ மூட்டைச் சுற்றி மட்டும் வெட்டுகளை எடுப்பதால், மூளை பெரும்பாலும் தொடக்க முன்படங்களில்தான் மேலோட்டமாக வந்து போகும். ஆனால் முகம் கழுவினாலோ பல் துலக்கினாலோ மின்னல் வெட்டுவது போல் சில நொடிகள் வலி வந்து, ஒன்றிரண்டு பற்களைப் பிடுங்கியும் அடங்காதவருக்கு, ஓபிஜியும் சிபிசிடியும் சுத்தமாக இருப்பதே ஒரு செய்தி. முகத்தின் உணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பை இரத்தக்குழாய் அழுத்துவதையும், அங்கே வளரும் கட்டியையும், இளவயதினரானால் நரம்பு உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் தழும்பையும் எம்ஆர்ஐதான் காட்டும். அப்போது பரிந்துரைச் சீட்டில் ‘தாடை வலி’ என்று மட்டும் எழுதினால் மூட்டைத்தான் எடுத்து அனுப்புவார்கள். மூளைத்தண்டிலிருந்து முக்கிளை நரம்பு வெளிவரும் இடத்தைப் பார்க்கவும் என்று எழுத வேண்டும், வாயில் எஃகுக் கம்பி கட்டியிருந்தால் அதையும் கூடவே குறிப்பிட வேண்டும்.