மவுத் ஆர்கன் ப்ளூஸுக்கு வால்வு ஆம்ப்: காவிரி டெல்டாவில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

பத்துத் துளை மவுத் ஆர்கனையும் மைக்கையும் ஒரே பிடியில் பொத்தி வாசிக்கும் ப்ளூஸுக்கு வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்) தேடுபவர்கள் பெரும்பாலும் கிட்டார்காரர்களிடம் யோசனை கேட்கிறார்கள். பிசகு அங்கேதான் தொடங்குகிறது. கிட்டார் பிக்கப் கம்பியின் அதிர்வை மட்டும் எடுக்கும். மைக்கோ எதிரே இருக்கும் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கேட்கும். கிட்டாருக்காகக் கெய்னை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றி வைத்த ஆம்பில் மைக்கைச் செருகினால், முதல் மூச்சு விழுவதற்குள் கூவ ஆரம்பித்துவிடும்.

1950களில் சிகாகோவில் லிட்டில் வால்டர் போன்ற மவுத் ஆர்கன்காரர்கள் கொண்டுவந்த தடித்த, கரகரப்பான சத்தத்துக்கு அடிப்படை மூன்றுதான்: கெய்ன் குறைவு, வாட்ஸ் குறைவு, லேசான பேப்பர் கோன் ஸ்பீக்கர். ஆம்பின் பெயர் இதற்கெல்லாம் பின்னால்தான். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கம் இருப்பவர்கள் அமெரிக்காவிலிருந்து பெட்டியை வரவழைப்பதற்கு முன், உள்ளூர் ரேடியோ மெக்கானிக் கடையின் பரணைப் பார்ப்பது நல்லது.

முதலில் அமெரிக்கப் பெட்டிகள். ஃபெண்டர் சேம்ப் 5எஃப்1 ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஒரு 5ஒய்3 (மூன்றும் வால்வு நம்பர்கள்), 8 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5 வாட்ஸ். வீட்டில் வாசிக்கவும் பதிவு செய்யவும் அருமையான பெட்டி. சீக்கிரமே முறுக்கிக்கொண்டு, அதாவது சத்தம் சிதைந்து, கரகரக்கும், அந்தக் கரகரப்பு காதைக் குத்தாது. 1950களின் கடைசியில் வந்த பாஸ்மேன் 5எஃப்6-ஏ நான்கு 10 அங்குல ஸ்பீக்கரோடு 40 வாட்ஸுக்கு மேல் தரும். மேடை மவுத் ஆர்கன்காரர்களின் கனவு அது. அதன் முதல் வால்வு 12ஏஒய்7 என்பதைக் கவனியுங்கள். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, இதனுடையது 44 அளவுதான். கூவாமல் வாசிக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் நம் ஊர் வீட்டுக் கூடத்தில் அதை முழுதாகத் திறக்கவே முடியாது. திறக்காவிட்டால் அந்தச் சத்தம் வராது. வாங்க வேண்டாம்.

பெயரில் ப்ளூஸ் இருக்கிறது என்று ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரை வாங்குபவர்களும் உண்டு. இரண்டு இஎல்84, மூன்று 12ஏஎக்ஸ்7, 15 வாட்ஸ். கிட்டாருக்கு நல்லது. மவுத் ஆர்கனுக்கு அப்படியே பயன்படாது. முதல் வால்வைக் கழற்றி 12ஏஒய்7 அல்லது 12ஏயு7 போட்டால் ஓரளவு அடங்கும்.

பழைய அமெரிக்க ஆம்ப் எதுவானாலும் கரண்ட் விஷயத்தில் இரண்டு சிக்கல். அது 110 அல்லது 117 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-ஐப் பாதியாக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சேம்ப் அளவுக்கு 200 விஏ தாராளம், பாஸ்மேன் அளவுக்கு 500 விஏ. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் 60 சைக்கிளுக்குச் சுற்றியவை. நம்முடைய 50 சைக்கிளில் இரும்புக் கோரில் காந்தப் பாய்ச்சல் 20 சதவீதம் கூடும், அதனால் சூடும் கூடும். அரை மணி நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைக்க முடியவில்லை என்றால், 240-க்குச் சுற்றிய புது மெயின் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடுங்கள்.

இப்போது உள்ளூர்ச் சரக்கு. எங்கள் தீர்ப்பில் முதலிடம் பழைய ஏசி வால்வு ரேடியோவுக்கு. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று மரப்பெட்டி ரேடியோக்கள் டெல்டா வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போகத் தயாரென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் பார்க்கலாம். ஆனால் அங்கே ரேடியோவை அலங்காரப் பொருளாகத்தான் விற்பார்கள். உள்ளே வால்வு இருக்கிறதா, ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பின்பலகையைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

பின்பலகையைக் கழற்றியதும் பார்க்க வேண்டியது வால்வு நம்பரின் முதல் எழுத்து. இசிஎச்81, இபிஎஃப்89, இபிசி81, இஎல்84, இஇஸட்80 என்று 'இ'-யில் தொடங்கினால் அது பெரும்பாலும் ஏசி செட். மெயின் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, மெயின் கரண்ட் சேசிஸுக்கு (பாகங்கள் உட்காரும் உலோகத் தட்டுக்கு) வராது. யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85 என்று 'யு'-வில் தொடங்கினால் அது ஏசி-டிசி செட். அதில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வால்வு ஹீட்டர்கள் வரிசையாக மெயினிலேயே தொங்கும். மெயினின் ஒரு கம்பி நேராகச் சேசிஸில் இருக்கும். அதில் மைக் ஜாக் வைத்தால் மைக்கின் உலோக உடம்பு வழியாகக் கரண்ட் கைக்கும் உதட்டுக்கும் வரும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் சேசிஸ் உயிரோடு இருக்கலாம். இந்த செட்டுகளில் குமிழின் பக்கத்துச் சின்ன ஸ்குரூவை மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். விரல் படக் கூடாது என்பதற்காகவே செய்தது. அந்த மெழுகைப் பார்த்தாலே தள்ளி வைத்துவிடுங்கள். கடையில், "அண்ணே, இது ஏசி செட்டா, ஏசி-டிசி செட்டா?" என்று கேட்டாலே பழைய மெக்கானிக்குகள் சொல்லிவிடுவார்கள். கேட்ட பிறகும் வால்வு நம்பரை நீங்களே படியுங்கள்.

ஏசி ரேடியோ ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பின்னால் கிராமபோன் பிக்கப்புக்கு என்று இரண்டு துளை இருக்கும். அதில் நுழையும் சிக்னல் வால்யூம் குமிழ் வழியாக இபிசி81-இன் டிரையோடுக்கு (அந்த வால்வில் சிக்னலைப் பெருக்கும் பகுதிக்கு) போய், அங்கிருந்து நேராக இஎல்84-க்குப் போகும். நடுவே பெருக்கும் ஸ்டேஜ் வேறு இல்லை. அந்த டிரையோடின் பெருக்கம் 70, சர்க்யூட்டில் கிடைப்பது 45 மடங்கு அளவு. இஎல்84 முழு வேகத்துக்குப் போக சுமார் 4 வோல்ட் போதும். ஆக மைக்கிலிருந்து பத்தில் ஒரு வோல்ட் வந்தால் ஆம்ப் நிரம்பிவிடும். கையில் இறுக்கிப் பொத்திய கிரிஸ்டல் மைக் அதைச் சுலபமாகத் தரும். எட்டத்திலிருந்து ஸ்பீக்கர் தரும் ஒலி அவ்வளவு தராது. அதனால் கூவுவதற்கு முன்பே முறுக்கம் வந்துவிடுகிறது. வெளியே வருவது 5 வாட்ஸ் சொச்சம், ஒரு கூடத்துக்குப் போதும். கல்யாண மண்டபம் என்றால் ரேடியோ ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து மைக் செட்டில் சேர்த்துவிடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் கேட்டுப் பழகிய ஊரில் 5 வாட்ஸை வைத்துக்கொண்டு தனியாகப் போராட வேண்டாம்.

வாங்கி வந்ததும் நேராகச் செருகாதீர்கள். பல வருடம் ஓடாத செட்டை சீரிஸ் போர்டில் 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பு வழியாகத்தான் முதலில் ஓட்ட வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் நல்லது. மங்காமலே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்த செட் என்றால் இன்னும் கவனம். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றில் உள்ள பேப்பர் ஈரம் குடித்திருக்கும். நாலு வெயில் காட்டிவிட்டுச் செருகுங்கள்.

மாற்றியே ஆக வேண்டிய பாகங்கள் சில. ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோயிருந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும். பழைய மதிப்பிலேயே 450 வோல்ட் போடுங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று இஇஸட்80-க்கு (ஏசியை டிசியாக்கும் வால்வு) அடுத்த முதல் கண்டென்சரை 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் ஏற்றினால் அந்த வால்வு போய்விடும். தொடும் முன்பு மீட்டர் வைத்துப் பாருங்கள். செட் அணைந்த பிறகும் 250 வோல்ட் அதில் தங்கியிருக்கலாம்.

அடுத்தது இன்னும் முக்கியம். டிரையோடிலிருந்து இஎல்84-க்குப் போகும் மெழுகுப் பேப்பர் கப்ளிங் கண்டென்சர். நம் ஊர் ஈரத்தில் இது நிச்சயம் கசியும். கசிந்தால் இஎல்84-இன் கிரிட்டுக்குப் பாசிடிவ் வோல்டேஜ் வந்து, வால்வின் உள்தகடு பழுக்கச் சிவக்கும். கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். வால்வுக்கு மாற்று கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். இஎல்84-இன் இரண்டாவது பின்னில், அதாவது கிரிட்டில், டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். மூன்றாவது பின்னில், அதாவது கேதோடில், 7 வோல்ட்டை ஒட்டி வரும். 10, 12 என்று ஏறினால் உடனே அணைத்துவிடுங்கள். 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் சில ரூபாய்தான். அளந்து பார்த்துக்கொண்டிராமல் மாற்றிவிடுவதே மேல்.

பின்பக்கத்து வோல்டேஜ் செலக்டரை 240-இல் வையுங்கள். 220-இல் விட்டுவிட்டால், லைனில் 240 வரும்போது 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 வரை போய் வால்வின் ஆயுள் குறையும். கிராமத்தில் சிக்கல் தலைகீழ். பம்ப் செட் எல்லாம் ஓடும் நேரத்தில் லைன் 180-க்கு இறங்கினால் ஹீட்டர் 4.7 வோல்ட்டில் அழுதுகொண்டிருக்கும், சத்தம் சவசவத்துப் போகும். டிவி ஸ்டெபிலைசர் ஒன்று போதும். மூன்று பின் வயர் போட்டுச் சேசிஸை எர்த் செய்யுங்கள். மெயினிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர் போனால் வெட்டி எடுத்துவிடுங்கள். அமெரிக்க ஆம்ப்களுக்கும் இதே விதிதான்.

ஸ்பீக்கர் கோனைக் கரப்பான் அரித்திருந்தால் பயப்பட வேண்டாம். மெல்லிய டிஷ்யூ பேப்பரும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் வைத்து ஒட்டலாம். கனமாக ஒட்டினால் கோன் மந்தமாகிவிடும். பழைய ஸ்பீக்கர் 3 முதல் 5 ஓம்ஸ் இருக்கும். மாற்றுவதென்றால் 4 ஓம்ஸ், காரில் வைக்கும் ரப்பர் விளிம்பு ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

வால்வு வாங்கும்போது பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த இஎல்84, இசிசி83 (12ஏஎக்ஸ்7-இன் இன்னொரு பெயர்) பழைய கடைகளில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கண்ணாடிக்குள் மேலே வெள்ளிப் பூச்சு கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, குப்பை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்துச் செட்டாக இருந்தால் உப்புக் காற்றில் சாக்கெட்டில் களிம்பு ஏறியிருக்கும். கரகர சத்தத்துக்குப் பாதி காரணம் அதுதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து வால்வை நாலு தடவை செருகி எடுங்கள்.

அடுத்து, சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் தூசி மண்டிக் கிடக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள். அகுஜா முதலிய கம்பெனிகளின் பழைய செட்டுகள் மாடுபோல் உழைக்கும். ஆனால் பேச்சும் பாட்டும் சுத்தமாகக் கேட்பதற்காக நெகடிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை எதிர்முகமாகத் திருப்பி உள்ளே விடுவது) போட்டுச் செய்தவை. முறுக்கம் படிப்படியாக வராது, திடீரென்று உடையும். ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றினால் மவுத் ஆர்கனுக்கு இணங்கி வரும். மைக் இன்புட்டில் ஸ்டேஜ் அதிகம், கூவும். கிராம் (கிராமபோன்) இன்புட்டில் செருகுங்கள். 100 வோல்ட் லைன் டெர்மினலில் சாதாரண ஸ்பீக்கரைக் கொடுக்காதீர்கள், 8 அல்லது 16 ஓம்ஸ் டெர்மினலில் கொடுங்கள். குழாய் ஸ்பீக்கர் இதற்கு உதவாது, அடிச்சுருதி வராது. மேடையில் அடிக்கடி வாசிப்பவருக்கு இது இரண்டாவது நல்ல தேர்வு. வீட்டுக்கு வேண்டாம், கனமும் சத்தமும் அதிகம்.

மைக் பற்றிக் கொஞ்சம். ஷூர் கிரீன் புல்லட், அஸ்டாடிக் ஜேடி-30 இரண்டும் பெயர் பெற்றவை. பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரோடு வந்த கிரிஸ்டல் மைக்கும் நன்றாகவே வேலை செய்யும். கிரிஸ்டல் மைக்குக்கு இன்புட் 1 மெகோமுக்குக் குறையக் கூடாது, 5 மெகோம் இருந்தால் அடிச்சுரம் இன்னும் நிறையும். ரேடியோ வால்யூம் குமிழ் 500 கிலோ ஓம்ஸ் என்றால் 1 மெகோம் போடுங்கள். மேடைப் பாட்டு மைக் லோ இம்பீடன்ஸ். அதை நேராகச் செருகினால் முனகத்தான் செய்யும், நடுவில் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

அந்தக் கிரிஸ்டல் என்பது ரோஷெல் உப்பு. ஈரத்தில் கரையும், 55 டிகிரி சூட்டில் கெட்டுப்போகும். அடைமழைக் காலத்தில் எவர்சில்வர் சம்படத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் அன்றோடு முடிந்தது. வாசிக்கும்போது எச்சில் ஈரமும் உள்ளே போகும். வாசித்த உடனே சம்படத்தில் போடாமல் கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் பிறகு மூடுங்கள்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி. சி மவுத் ஆர்கன், மைக் இரண்டையும் கொண்டுபோங்கள். ஆம்பிலிருந்து நாலடி தள்ளி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். இரண்டாம் துளையை மெல்ல உள்ளிழுத்து ஜி சுரத்தை நிறுத்துங்கள். வால்யூமைப் பாதி வரை ஏற்றுங்கள். சுரம் தடித்து, ஓரத்தில் மட்டும் மணல் உரசுவதுபோல் வந்தால் சரியான ஆம்ப். சுரம் உடைந்து 'புர்ர்' என்று சிதறினால் கோனோ கண்டென்சரோ போயிருக்கிறது. பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டு, கையைப் பொத்தியபடியே வால்யூமை இன்னும் ஏற்றுங்கள். பாதிக்குள் கூவினால் விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். முக்கால் தாண்டிக் கூவினால் எடுத்துக்கொள்ளலாம்.