ரோஸ்மேரிக்குக் குளிர்காலம்: நிலமா, கராஜா, ஜன்னலோரமா?

டொராண்டோவில் அக்டோபர் பிறந்துவிட்டால் ரோஸ்மேரியை எங்கே வைப்பது என்ற கவலையும் வந்துவிடும். மத்தியதரைக் கடலோரச் செடி இது. லேசான உறைபனியைத் தாங்கும். மைனஸ் 20ஐத் தொடும் ஜனவரி இரவுகளைச் சாதாரண ரகங்கள் தாங்கா. அதற்காக முதல் குளிருக்கே வீட்டுக்குள் தூக்கி வந்தால், அங்கே வேறு விதமாகச் சாகும்.

நிலத்திலேயே விடுவதானால் 'ஆர்ப்' ரகம் வேண்டும். டெக்சஸின் ஆர்ப் என்ற ஊரில் 1972இல் மூலிகை வளர்ப்பாளர் மேடலின் ஹில் கண்டெடுத்தது. குளிர் தாங்குவதில் பெயர்பெற்றது. மே மாதமே நட்டு, வேர் நன்றாக ஓடியிருக்க வேண்டும். தெற்குப் பார்த்த சுவரோரம், 20 செ.மீ. உயர்த்திய பாத்தி நல்லது. குளிரை விட ஈரமும் காற்றும்தான் இங்கே எமன். மண் உறைந்தபின் வேர் நீர் உறிஞ்சாது; இலைகளோ காற்றில் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். அதனால் நாலு குச்சி நட்டுச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், பகல் வெயிலில் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். இத்தனை செய்தும் ஒரு கடுங்குளிர் வந்தால் போய்விடும். ஆகஸ்டிலேயே 10 செ.மீ. நுனிகளை வெட்டி, கீழ் இலைகளை உருவி, பெர்லைட் (நீர் தேங்காமல் வடியவிடும் வெள்ளைத் துகள்) கலந்த மண்ணில் ஊன்றி வைத்தால் மாற்றுச் செடி கையில் இருக்கும்.

வெயில் விழும் ஜன்னலோரம் பலரும் செய்வது. பலரும் செடியை இழப்பதும் அங்கேதான். ஹீட்டர் காற்று இலையை உலர்த்துகிறது, டிசம்பர் வெளிச்சமோ போதாது. செடி வெளிறிய, நீண்ட தளிர் விடும். பிறகு மாவு தூவியதுபோல் சாம்பல் நோயும், இலைக்கடியில் சிலந்திப்பேனும் வரும். இதுதான் வழியென்றால் ஹீட்டர் துவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள்; செடி விளக்கு 12 மணி நேரமாவது எரியட்டும்; சின்ன விசிறியும் ஓடட்டும்.

எங்கள் தேர்வு, ஜன்னல் உள்ள, சூடாக்காத கராஜ். உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் நின்றால் செடி ஏறக்குறைய உறங்கும். நீரும் வெளிச்சமும் குறைவாகவே போதும். பாட்டிங் மண் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு கலந்த 25 செ.மீ. சாடியில் வைத்து, இரவு வெப்பம் மைனஸ் 2ஐ நெருங்கும்போது உள்ளே கொண்டுபோங்கள். மேல்மண் ஒரு விரல்கணு ஆழத்துக்குக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஆனால் மறந்தே போகாதீர்கள். துளசியைப்போல இது தொங்கித் தாகம் காட்டாது. வேர் செத்தபின்னும் இலை வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். தொட்டதும் நொறுங்கி உதிரும்போதுதான் தெரியும்.

ஏப்ரலில் சந்தேகம் வந்தால் தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மே நடுவில் வெளியே எடுத்து, முதல் வாரம் நிழலில் வைத்துப் பழக்கி, பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள். கவாத்தும் அப்போதுதான், அதுவும் இலை உள்ள பகுதியில் மட்டும். இலையற்ற பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது.