லிப்ரே ஆபிஸ்: மனு டைப் அடிக்கும் கடைக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் சரிவருமா?

யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறலாமா என்று யாராவது கேட்டால், விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடச் சொல்பவர்கள் உண்டு. புதிதாக வருபவருக்கு அந்த யோசனை வேண்டாம். எம்எஸ் ஆபிஸ் போலவே கடிதம், கணக்குத்தாள் எல்லாம் செய்யும் லிப்ரே ஆபிஸை இருக்கிற விண்டோஸிலேயே போட்டுப் புழங்கட்டும். எம்எஸ் ஆபிஸை நீக்க வேண்டியதில்லை, இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். நெல்லையில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபிஸ் பக்கம் மனு டைப் அடிக்கும் கடை, அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்துக்கு புராஜெக்ட் தயாரிக்கும் மாணவர், பாளையங்கோட்டையில் கணக்கெழுதும் மளிகைக்கடை என மூவருக்கும் இதுவே நல்ல தொடக்கம். ஆனால் தமிழுக்கான அமைப்புகளை முதல் நாளே சரிசெய்யாவிட்டால் இரண்டாம் நாள் வெறுத்துப்போகும்.

2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது இது. தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. பென் டிரைவில் எடுத்துப் பத்துக் கடைகளுக்குக் கொடுத்தாலும் சட்டப்படி சரியே. கிராக் போட்ட ஆபிஸோடு வைரஸும் சேர்ந்து வரும் தொல்லை இதில் கிடையாது.

லிப்ரே ஆபிஸின் சொந்தத் தளத்தில் இருந்தே இறக்குங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பது இதே மென்பொருள்தான், ஆனால் அங்கே காசு கேட்கும். தளத்தில் நன்கொடைப் பக்கம் வந்தாலும் டவுன்லோடு நிற்காது. கோப்பு சுமார் 350 எம்பி. 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8-இல் ஓடாது. அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை இன்னும் விண்டோஸ் 7-இலேயே வைத்திருப்பவர்கள், பழைய பதிப்புகளின் தொகுப்பில் 25.2 வரிசையைத் தேடி எடுக்க வேண்டும்.

போட்டதும் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் திறந்து, மொழி அமைப்புகளுக்குப் போங்கள். எந்த நாட்டு வழக்கம் என்று சொல்லும் லொகேல் என்ற இடத்தில் 'இங்கிலீஷ் (இந்தியா)' அல்லது 'தமிழ் (இந்தியா)' வைக்க வேண்டும். அமெரிக்க இங்கிலீஷில் விட்டால் புதுக் கோப்பு லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவில் திறக்கும். நம் ஊர் பிரிண்டரில் இருப்பதோ ஏ4 தாள், அதனால் ஓரம் தப்பும். லொகேல் இந்தியாவாக இருந்தால் கால்க் கணக்குத்தாளிலும் ஆயிரக் குறியோடு வடிவமைக்கும்போது 1,00,000 என்று லட்சக் கணக்கில் கமா விழும்.

அதே பக்கத்தில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கான 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (சுருக்கமாக சிடிஎல்) என்ற பெட்டியை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். லிப்ரே ஆபிஸ் ஆங்கில எழுத்துக்கு ஒரு ஃபாண்டும் அளவும், தமிழ் எழுத்துக்குத் தனியாக இன்னொன்றும் வைத்துக்கொள்ளும். கீபோர்டு ஆங்கிலத்தில் இருக்கும்போது மேலே 14 என்று வைத்துவிட்டுத் தமிழுக்கு மாற்றி அடித்தால், எழுத்து பழைய 12-லேயே வரும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பலர் மூடிவிடுகிறார்கள். எஃப்11 அழுத்தி, 'டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்' மேல் வலது கிளிக் செய்து எடிட் கொடுங்கள். ஃபாண்ட் பகுதியில் வெஸ்டர்ன், சிடிஎல் என்று இரண்டு இடம் இருக்கும். இரண்டிலும் அளவை ஒன்றாக்கி, சிடிஎல்-இல் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது மீரா இனிமை வைத்துவிடுங்கள். இரண்டு ஃபாண்டுமே இலவசம். இந்தக் கோப்பையே டெம்ப்ளேட்டாகச் சேமித்து டிஃபால்ட் ஆக்கிவிட்டால் அந்தத் தொல்லை அதோடு முடிந்தது.

ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய ஃபாண்டான பாமினியில் அடிப்பவர்களுக்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது. பாமினியில் சின்ன ஜே அழுத்தினால் 'த', பெரிய ஜே அழுத்தினால் 'து'. சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் ஓடிக்கொண்டிருந்தால், 'தங்கள்' என்று தொடங்கும் வரி 'துங்கள்' ஆகும், 'மனு' 'முனு' ஆகும். வேர்டில் இதை எப்போதோ அணைத்திருப்பார்கள். புதிதாகப் போட்ட லிப்ரே ஆபிஸில் அது மறுபடி உயிரோடு இருக்கும். டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், முதல் எழுத்தைப் பெரிதாக்குவதையும், சொல் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் திருத்துவதையும் எடுத்துவிடுங்கள்.

இது கைவைத்தியம்தான். தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு வைத்திருக்கும் பொது முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. இ-கலப்பை என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டால், பாமினிக்குப் பழகிய விரல் அதே விசைகளை அடிக்க, திரையில் யூனிகோடு எழுத்து விழும். தமிழ்99, டைப்ரைட்டர் பலகைகளும் அதில் உண்டு. கடைக்காரர்கள் இதற்கு மாறியே ஆக வேண்டும். பாமினி ஃபாண்ட் இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஐந்து புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

வேர்டு கோப்புகளைத் திறப்பதில் கடிதம், சாதாரண அட்டவணை, மனு எல்லாம் பிசகில்லை. டெக்ஸ்ட் பாக்ஸ்களை அடுக்கிச் செய்த பயோடேட்டா, ஸ்மார்ட்ஆர்ட் படம் உள்ள புராஜெக்ட் இரண்டும் இடம் மாறிப்போகலாம். பக்கம் தள்ளிப்போனால் உடனே லிப்ரே ஆபிஸைக் குறை சொல்ல வேண்டாம், பல நேரம் காரணம் பழைய விண்டோஸோடு வந்த லதா என்ற தமிழ் ஃபாண்ட். விண்டோஸ் 10-லிருந்து லதா தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்' சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வேறு ஃபாண்ட் அந்த இடத்தில் உட்காரும், எழுத்தின் அகலம் மாறும், கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடும்.

சொந்தப் பிரதியை லிப்ரே ஆபிஸின் சொந்த வடிவமான ஓடிடி-யில் (.odt) வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு மட்டும் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) ஆகச் சேமித்துக் கொடுப்பது நல்லது. ஒரே கோப்பை இரண்டு மென்பொருளிலும் மாறிமாறித் திருத்தினால் வடிவம் கொஞ்சங்கொஞ்சமாகக் கெடும்.

டைப்பிங் கடைக்கு மனமாரப் பரிந்துரைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. பிடிஎஃப் ஆக்கும்போது வரும் பெட்டியில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்பதை டிக் செய்தால், மூலக்கோப்பும் அதற்குள்ளேயே போய்விடும். வாங்கியவர் செல்போனில் சாதாரண பிடிஎஃப் ஆகப் பார்க்கலாம். அடுத்த வாரம் "சர்வே நம்பரை மட்டும் மாத்தித் தாங்கண்ணே" என்று அதே கோப்போடு வந்தால், லிப்ரே ஆபிஸில் திறந்து திருத்திவிடலாம். முழுசாக மறுபடி டைப் அடிக்க வேண்டாம்.

கால்க் பகுதி வரவு செலவு, மார்க் பட்டியல், சம்பளப் பட்டியலுக்குத் தாராளமாகப் போதும். மேக்ரோ (கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல்) உள்ள எக்செல் கோப்பு வந்தால் நம்ப முடியாது. ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-9-இன் ஆஃப்லைன் கோப்பு எக்செலைக் கேட்கும், அந்த வேலைக்கு எக்செல் உள்ள ஒரு கணினியைக் கடையில் விட்டுவையுங்கள். தமிழ்ப் பிழைதிருத்தியை நம்பி இதற்கு வர வேண்டாம், சந்திப்பிழையைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.