மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய என்கிளெக்ஸ் புத்தகம்: இரண்டு வருஷத்துக்குப் பிறகு

அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வுக்கான அந்தத் தடிப் புத்தகத்தை சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில் பாதி விலைக்கும் குறைவாக வாங்கினேன். தேர்வுமுறை மாறியது 2023 ஏப்ரலில். இது அதற்கு முந்தைய பதிப்பு. தெரிந்தேதான் வாங்கினேன். நைட் டூட்டிகளுக்கு நடுவே நான் படித்து முடித்து, இப்போது வார்டு ஜூனியர்களிடம் கைமாறிக்கொண்டிருக்கிறது.

லேப் வேல்யூ, மருந்துப் பகுதிகளுக்கு இன்றும் இதைத்தான் கை காட்டுவேன். பொட்டாசியம் 3.5 முதல் 5.0, லித்தியம் 0.6 முதல் 1.2 என்று எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நகர்வதில்லை. சிறுநீரைப் பிரிக்கும் ஃப்ரூஸமைடு போகும் நோயாளிக்குப் பொட்டாசியம் இறங்கும், இறங்கினால் இதய மருந்தான டிகாக்ஸின் நஞ்சாகும், ஆகவே டிகாக்ஸின் கொடுக்கும் முன் ஏபிகல் பல்ஸை, அதாவது நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்கும் துடிப்பை, ஒரு நிமிஷம் முழுக்க எண்ணு, பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்தி வைத்துத் தெரிவி என்று கோத்துக் கொடுக்கிறது. காலேஜில் இதெல்லாம் ஆளுக்கொரு மேடம் எடுத்த தனித்தனிப் பாடம்.

ஆனால் நம்மூர் நர்ஸுகளுக்கு இடிக்கிற இடம் பாடமே இல்லை, பழக்கம். ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல்) அம்மாவுக்கு வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஓடுகிறது, முழங்கால் ரிஃப்ளெக்ஸ் இல்லை, மூச்சு நிமிஷத்துக்கு 10, அதாவது மருந்து அதிகமாகிவிட்டது. முதலில் என்ன செய்வாய்? லேபர் வார்டில் இருந்தவர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் வரை கையில் தயாராக இருக்கும். இருந்தும் நான் கேட்ட ஜூனியர்களில் பெரும்பாலோர் சொன்ன பதில், "டூட்டி டாக்டரைக் கூப்பிடுவேன் அக்கா." தேர்வுக்கு வேண்டிய பதில், இன்ஃபியூஷனை நிறுத்துவது. டாக்டர் அதற்கு அடுத்துதான். சொல்லாமல் எதையும் தொடாதே என்று பழக்கிவிட்ட வார்டுகளிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஒரு வரிசை உறைக்கவே மாதக்கணக்காகிறது. சம்மதப் படிவமும் அப்படித்தான். தெளிவாகப் பேசுகிற அப்பா பெட்டில் உட்கார்ந்திருக்க, மகன் வரட்டும் என்று ஃபைலோடு காத்திருப்பது இங்கே சாதாரணம். தேர்வில் கையெழுத்து அப்பாவுடையது. இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பின்னால் வரும் விளக்கங்களுக்காகவே புத்தகத்துக்குக் கொடுத்த காசு செரித்தது.

குறை என்றால், புதிய கேஸ் ஸ்டடி வடிவம் சுத்தமாக இல்லை. ஒரே நோயாளியை வைத்து ஆறு கேள்விகள், அறிகுறியைக் கவனிப்பதில் தொடங்கி பலன் கிடைத்ததா என்று பார்ப்பது வரை. பாதி சரிக்குப் பாதி மார்க்கும் உண்டு. அதற்குப் புதிய கேள்வி வங்கி ஒன்றைச் சந்தா கட்டித்தான் எடுத்தேன். கேள்விகள் 85-லும் நிற்கலாம், 150 வரையும் போகலாம். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பழகவும் ஆப் வேண்டும். பவுண்டை 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்கும் கணக்குகள் மட்டும் புத்தகத்திலேயே தாராளமாக இருக்கின்றன.

தமிழ்நாட்டு அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுதப் போகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். பிறந்தவுடன் பி.சி.ஜி., 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற நம்முடைய தடுப்பூசி அட்டவணையே இதில் கிடையாது. கம்யூனிட்டி ஹெல்த் முழுக்க அமெரிக்கக் கணக்குதான். அதற்குக் காலேஜ் நோட்ஸைத் தூசி தட்டுங்கள்.